தொட்டிக் கசிவை அடைக்கும் முன் மீனையும் யோசியுங்கள்

மீன்தொட்டி கசிந்தால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ஹார்டுவேர் கடைக்குப் போய், கையில் கிடைக்கும் பசையை வாங்கிவந்து பூசிவிடுவார்கள். கசிவு நிற்கும், ஆனால் சில நாளில் மீன்கள் செத்து மிதக்கும். மொட்டைமாடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பொருளை, உயிர்கள் மூச்சுவிடும் தண்ணீருக்குள் அப்படியே வைக்க முடியாது. கசிவை அடைப்பது பாதி வேலைதான். அடைத்த பொருளில் இருந்து தண்ணீரில் எதுவும் ஊறி இறங்காமல் பார்த்துக்கொள்வது மீதி வேலை.

முதலில், அது கசிவுதானா?

திறந்த தொட்டியில் கோடைக்காலத்தில் தண்ணீர் தானாகவே ஆவியாகிக் குறையும். சந்தேகம் தீர ஒரு வாளி போதும். வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குப் பக்கத்தில், அதே வெயில் படும்படி வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நீரூற்று இருந்தால் அதை மட்டும் நிறுத்திவிட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் வெயில்தான் காரணம். வாளியைவிடத் தொட்டியில் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு.

எங்கே கசிகிறது என்று எப்படித் தெரியும்?

சிமெண்ட் தொட்டி என்றால் தண்ணீர் விடாமல் இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். நீர்மட்டம் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில்தான் இருக்கும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் அடித்தளத்தையோ, தரையும் சுவரும் சேரும் மூலையையோ சந்தேகப்படுங்கள். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தை எல்லாவற்றுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக்கும் சிமெண்டும் ஒன்றோடொன்று நன்றாகப் பிடிக்காது என்பதால், அந்த இடுக்கில்தான் கசிவு அதிகம் வரும். வெளிச்சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், அங்கே தண்ணீர் சுவரை ஊடுருவி வெளியே வருகிறது என்று பொருள்.

கண்ணாடித் தொட்டியில் இந்தக் கணக்கு ஏமாற்றும். ஒட்டுக்குள் நுழைந்த தண்ணீர் அதன் வழியாகவே ஓடி, வேறொரு மூலையில் சொட்டும். அதனால் ஈரம் தெரியும் இடத்தை மட்டும் பூசினால் பலன் இல்லை. ஃபில்டர் குழாயில் இருந்து வழிகிறதா என்பதையும் முன்கூட்டியே துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

வெளிப்பக்கமாகப் பூசினால் போதாதா?

போதாது. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி நிறைந்திருக்கும்போது, முன்கண்ணாடியைத் தண்ணீர் சுமார் 120 கிலோ விசையுடன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. வெளியே பூசிய பசையை அந்த அழுத்தம் பின்னால் இருந்து உரித்துவிடும். உட்பக்கம் பூசினால் அதே அழுத்தம் பசையைக் கண்ணாடியோடு சேர்த்து அமுக்கும். சிமெண்ட் தொட்டிக்கும் இதே விதிதான்.

கண்ணாடித் தொட்டிக்கு எந்தப் பசை?

சிலிகான் (காற்றின் ஈரத்தால் இறுகி ரப்பர்போல் ஆகும் பசை). ஆனால் எல்லா சிலிகானும் ஆகாது. ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். ‘பூஞ்சை பிடிக்காது’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். அது குளியலறைக்கானது. பூஞ்சையைக் கொல்ல அதில் சேர்த்திருக்கும் மருந்து மெல்லத் தண்ணீரில் இறங்கி மீனையும் கொல்லும். அக்வேரியத்துக்கு என்று குறிப்பிட்டு விற்பதையே வாங்குங்கள். சென்னை கொளத்தூர்போல் வண்ணமீன் வியாபாரம் நடக்கும் இடம் அருகில் இருந்தால், அங்கே தொட்டி ஒட்டுபவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு அதையே வாங்குவது நல்லது.

பூசும்போது வினிகர் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருக்கும் புளிப்பு) வெளியேறுவதால் வருவது அது. வாடை இருக்கும்வரை பசை இன்னும் இறுகவில்லை, மீனை விடக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய பசையின் மேலேயே பூசலாமா?

பலரும் தவறுவது இங்கேதான். புதிய சிலிகான் பழைய சிலிகானில் சரியாக ஒட்டாது. தொட்டியைக் காலிசெய்து, உள்மூலைகளில் இருக்கும் பழைய பசை முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுங்கள். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருக்கும் ஒட்டுக்குள் மட்டும் பிளேடை விடாதீர்கள். தொட்டியைத் தாங்கி நிற்பதே அதுதான்.

சுரண்டிய பிறகு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி சறுக்க வேண்டும். எங்காவது விரல் லேசாக இழுபட்டால், அங்கே கண்ணுக்குத் தெரியாத பழைய படலம் மிச்சம் இருக்கிறது. அசிட்டோன் (நகப்பூச்சு அழிக்கும் திரவம், வாசனையோ எண்ணெயோ சேர்க்காதது) நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

பிறகு ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, பசையை ஒரே சீராகப் பிதுக்கி, உடனே விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். சில நிமிடங்களிலேயே மேலே தோல் கட்டிவிடும். அதன் பிறகு தொட்டால் கிழியும். அந்த மூலையை முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

சிலிகான் வெளியில் இருந்து உள்நோக்கி இறுகும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும் என்று வையுங்கள். மேலே காய்ந்துவிட்டது என்று மறுநாளே தண்ணீர் விட்டால் உள்ளே இருக்கும் ஈரப்பசை பிய்ந்துவரும். ஒன்றரை அடித் தொட்டிக்கு ஒரு வாரம் விடுங்கள். பின்பு நனைந்தால் பரவாயில்லை என்ற இடத்தில் வைத்து நிரப்பி, இரண்டு நாள் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டு, புதுத் தண்ணீர் பிடியுங்கள்.

தொட்டியைத் திரும்ப வைக்கும் மேசை மட்டமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு கால் குட்டையாக இருந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொண்டு, புதிதாகப் போட்ட ஒட்டும் மறுபடி விட்டுப்போகும். அடியில் தெர்மாகோல் விரித்தால் சிறு மேடுபள்ளங்களை அது வாங்கிக்கொள்ளும்.

சிமெண்ட் தொட்டிக்கு என்ன செய்வது?

கண்ணாடிக்கு வாங்கிய சிலிகானை இங்கே கொண்டுவராதீர்கள். அதன் அமிலமும் சிமெண்டின் காரமும் மோதுவதால் பிடிப்பே இருக்காது. விரிசலை மேலோடு மூடாமல், கொத்தனாரிடம் சொல்லி ‘வி’ வடிவில் கொத்தி அகலப்படுத்தி, தூசி போகக் கழுவி, சுருங்காத சிமெண்ட் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலை கூராக இருந்தால் கலவையை வளைவாகப் பூசி மழுக்கிவிட வேண்டும். கூரான மூலையில் எந்தப் பூச்சும் முதலில் வெடிக்கும்.

அதன் மேல் பாலிமர் சிமெண்ட் பூச்சை (சிமெண்ட் பொடியும் ரப்பர்ப்பால் போன்ற திரவமும் கலந்தது) இரண்டு தடவை, முதலில் நீளவாக்கில், அது காய்ந்ததும் குறுக்குவாக்கில் அடிப்பார்கள். எபாக்ஸி (இரண்டு டப்பாக்களைக் கலந்ததும் கல்போல் இறுகும் பூச்சு) இதைவிட உறுதி, ஆனால் கண்டிப்பானது. கண்ணளவாகக் கலந்தால் இறுகாமல் எஞ்சும் ரசாயனம் தண்ணீரில் ஊறி இறங்கும். அதனால் டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளந்துதான் கலக்க வேண்டும். சுவர் உலர்ந்திருப்பதும் அவசியம். முழங்கை அளவு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் இன்னும் உலரவில்லை.

குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று போட்டிருந்தால் மீனுக்கும் நல்லதுதானே?

நியாயமான கேள்வி. அந்த முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். ஆனால் அது மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். நமக்கு ஒன்றும் செய்யாத குழாய்நீர்க் குளோரினே மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். நாம் ஒரு டம்ளர் குடிக்கிறோம். மீன் 24 மணி நேரமும் அதற்குள்ளேயே மூச்சுவிடுகிறது. மீன்வளர்ப்புக்கு ஏற்றதா என்று தனியாகக் கேளுங்கள். தார் கலந்த கறுப்புப் பூச்சு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உட்பக்கம் வேண்டாம்.

புதுச் சிமெண்ட் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

பலர் நோய் என்று நினைத்து மருந்து போடுகிறார்கள். நோய் அல்ல, சுண்ணாம்பு. புதுச் சிமெண்டில் இருந்து சுண்ணாம்பு ஊறி, தண்ணீரின் பி.எச். அளவை (புளிப்பு, காரத்தின் அளவுகோல், 7 நடுநிலை) ஏற்றிவிடும். ஈரச் சிமெண்டின் பி.எச். 12-க்கு மேல். நாம் வளர்க்கும் பெரும்பாலான மீன்கள் 6.5 முதல் 8.5 வரைதான் தாங்கும்.

தொட்டியை நிரப்பி மூன்று நான்கு நாள் ஊறவிட்டு, கொட்டி, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். மூன்று வாரமாவது இப்படிச் செய்ய வேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது நம் ஊர் வழக்கம். அது அழுகும்போது உண்டாகும் புளிப்பு சுண்ணாம்பைத் தணிக்கும். ஆனால் அழுகல் தண்ணீரில் உயிர்க்காற்றைத் தின்றுவிடும் என்பதால், அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிக் கழுவிவிட வேண்டும். கடைசியாக நிரப்பிய தண்ணீரைப் பி.எச். சொட்டுமருந்து கிட்டால் சோதித்து, மூன்று நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். இரண்டு முறையும் 8.5-க்குக் கீழே இருந்தால் மீன் விடலாம். இரண்டு மீனை விட்டுப் பார்ப்போம் என்று சோதிப்பவர்கள் உண்டு. கிட் இருக்கும்போது ஓர் உயிரை எதற்குப் பணயம் வைக்க வேண்டும்?

தரைக்குள் கட்டிய தொட்டி என்றால் இந்த வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். காலியான தொட்டியை வெளியே தேங்கிய நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளும். பூச்சு கொப்புளிக்கும், தளமே வெடிக்கவும் கூடும்.

உயிரியல் பூங்காவின் பெரிய தொட்டிகளை எப்படிக் காக்கிறார்கள்?

விதிகள் இவைதான், அளவு மட்டும் வேறு. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் ஒரு டன் எடை நிற்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் பத்து டன். நீர்யானைக் குளத்திலும் முதலைக் குளத்திலும் இன்னொரு சிக்கல் உண்டு. நகமும் எடையும் பூச்சைத் தேய்க்கும், ஊழியர்களும் தேய்த்துக் கழுவுவார்கள். அங்கே மெல்லிய பூச்சு நிற்காது.

கடல்நீர்த் தொட்டி இன்னும் கடினம். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டையே உள்ளிருந்து பிளந்துவிடும். அங்கே பூச்சு தண்ணீரைக் காப்பதோடு கட்டடத்தையும் காக்கிறது.

ஜப்பானின் ஒக்கினாவா சுராவுமி காட்சியகத்தில் திமிங்கிலச் சுறா நீந்தும் தொட்டி 7,500 கன மீட்டர் நீர் கொண்டது. அதன் அக்ரிலிக் (கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக்) சன்னல் 22.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் உயரம், 60 செ.மீ. தடிமன். சூட்டில் அக்ரிலிக் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும். அந்த நீளத்துக்கு ஒரு டிகிரி கூடினாலே ஒன்றரை மில்லிமீட்டர் நீள வேண்டும். ஆகவே இத்தகைய சன்னல்களின் ஓரத்தில் இறுகிப்போகாமல் இழுபட்டுக்கொடுக்கும் அடைப்பு தேவை.

பெர்லினில் ஓர் ஓட்டல் கூடத்தில் நின்ற அக்வாடோம் என்ற பத்து லட்சம் லிட்டர் அக்ரிலிக் உருளை, 2022 டிசம்பர் 16 அதிகாலை உடைந்தது. அதில் சுமார் 1,500 மீன்கள் இருந்தன, பெரும்பாலானவை இறந்தன. அக்ரிலிக்குக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நிற்கும் பொருள் என்பதால், காலி செய்து உலரவிட்டால் அதில் நுண்விரிசல்கள் விழலாம். உங்கள் வீட்டுத் தொட்டி அக்ரிலிக்காக இருந்தால் காலியாக வெயிலில் வைக்காதீர்கள். அதற்கு சிலிகானும் சரியாக ஒட்டாது. அக்ரிலிக்கையே இளக்கி ஒட்டும் தனித் திரவம் இருக்கிறது.

வேலை முடியும்வரை மீன்களை எங்கே வைப்பது?

மூடிபோட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பில், பழைய தொட்டித் தண்ணீரிலேயே, காற்று மோட்டாரோடு வையுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்நீரில் கழுவிக் காயப்போட்டுவிடாதீர்கள். மீனின் கழிவை நஞ்சில்லாததாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. அந்தப் பஞ்சை ஃபில்டரோடு டப்பிலேயே ஓடவிட்டு, மீன்களுக்குத் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். தொட்டி தயாரானதும் பஞ்சை முதலில் அதற்கு மாற்றுங்கள், மீனைப் பிறகு. மீனை ஒரு பையில் டப்புத் தண்ணீரோடு எடுத்து, தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, அதன் பிறகு வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள்.