நாடு என்னும் சொல்

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் வழியில் அமைந்த ஒரத்தநாட்டை, இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தைக் கொண்டு அறிந்தவர் பலர். அவ்வூர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் 'நாடு' என்னும் சொல்லின் புராதனத்தைச் சிந்தித்தவர் சிலரே. தேசம் முழுவதையும் சுட்டவல்ல அச்சொல் பாப்பாநாடு, ஒரத்தநாடு போன்ற ஊர்களுக்கு எவ்வாறு வாய்த்தது என்று வெளியூரார் வியப்பதுண்டு. எனக்கோ, இச்சிறிய பொருளிலேதான் அச்சொல்லின் ஜீவன் இருப்பதாகத் தோன்றுகிறது.

சோழர் ஆட்சியில் நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்த வேளாண் வட்டாரம்; அதன் காரியங்களை நடத்தியவர் நாட்டார்; அத்தகைய நாடுகள் பலவற்றைத் தொகுத்தே முதலாம் இராஜராஜன் காலத்தில் வளநாடுகள் வகுக்கப்பட்டன. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அம்மன்னன் தானம் செய்தபோது, ஆணையைத் தலைமேற்கொண்ட நாட்டார் பிடியானை ஒன்றை நடத்தி, அது சுற்றி வந்த எல்லை நெடுகக் கல்லும் கள்ளியும் நாட்டிய செய்தியை, பிற்காலத்தில் டச்சுக்காரர் தேசம் சென்று லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற ஏடுகள் விரித்துரைக்கின்றன.

நாட்டுதல், நடுதல் என்னும் இவ்வினைகளோடு நாடு என்ற பெயருக்கும் உறவுண்டு என்பர் சிலர். விரும்பித் தேடுதலாகிய 'நாடுதல்' அடியாகப் பிறந்தது என்பாரும் உளர். 1934-இல் வந்த கல்லணைக் கால்வாயை இப்பகுதியார் புதாறு என்பர், அதன் பாய்ச்சலில், நாற்றுமுடியைப் பிரித்து, முழங்கால் சேற்றில் பின்னோக்கி நகர்ந்தபடி பெண்கள் நடவு நடும் காட்சியைக் கண்டவர், காட்டுக்கு எதிராக நட்டு வளர்த்த நிலமே நாடு என்னும் முதற்கொள்கையின் பக்கமே சாய்வர், நானும் அப்பக்கமே.

இச்சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் ஏறநாடு, வள்ளுவநாடு, கன்னடத்தில் மலெநாடு, தெலுங்கில் வேலநாடு, பாகநாடு. தெலுங்கில் 'நாடு' நாளையும் குறிக்கும். அது நம் 'நாள்' என்பதன் உறவேயன்றி இதனுடையதன்று. 'ஈநாடு' என்னும் பத்திரிகைப் பெயரில் 'இன்று', 'இந்த நாடு' என்ற இரு பொருளும் இணைந்து ஒலிப்பது அதனால்தான்.

ஜெர்மானிய மொழிகளிலும் இதற்கு ஒப்பான சொல் ஒன்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா மொழிபெயர்த்த காதிக் வேதாகமத்தில் 'கவி', ஜெர்மனில் 'கௌ', டச்சில் 'கௌவ்' என வழங்கி வட்டாரத்தைக் குறித்த அச்சொல், ப்ரைஸ்கௌ, துர்கௌ என்னும் இடப்பெயர்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே என்னும் பெயரின் ஈற்றிலும், தேய்ந்து ஓரெழுத்தளவாய், அதுவே ஒளிந்திருக்கிறது. நாஜிகள் தம் கட்சிப் பிரிவுகளுக்கு அதைச் சூட்டியமையால், பாவம், அப்பழஞ்சொல்லின்மேல் களங்கம் படிந்தது.

நம் சொல்லோ 1969 ஜனவரி 14 அன்று சென்னை ராஜ்யத்தின் பெயராகவே உயர்ந்தது. எனினும், வளைகுடாவில் உழைக்கும் மலையாளி 'நாட்டில் போகுன்னு' என்னும்போது அவன் எண்ணுவது தன் ஊரைத்தான். ஒரத்தநாட்டுச் சுற்றுவட்டத்திலும், கோயில் திருவிழாவுக்கு நாட்டார் கூடுகிறார்கள் என்றால் வருவோர் அண்டை ஊர்க்காரர்களே.