பள்ளிக்கூடத்துக் கணினி – 9: ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய்

ஸ்டார் ஆபீஸும் சி++-உம் சேர்ந்து பிளஸ் டூவை ஆண்ட காலத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். 2018-19இல் பதினொன்றாம் வகுப்புக்கும், மறு ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தமிழ்நாட்டில் புதிய புத்தகங்கள் வந்தன. சி++ பிளஸ் ஒன்னுக்கு இறங்கியது. பிளஸ் டூவில் பைத்தானும் எஸ்க்யூஎல்லும் இடம்பிடித்தன.

பைத்தான் வந்ததைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கென்னவோ, பெரிய மாற்றம் பிளஸ் ஒன் புத்தகத்தில், சி++ தொடங்குவதற்கு முந்தைய சில பாடங்களில் நடந்திருப்பதாகவே படுகிறது.

அங்கே ஒரு விவசாயி ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய் சகிதம் ஆற்றங்கரையில் நிற்கிறார். படகில் தன்னோடு ஒன்றைத்தான் ஏற்றிக்கொள்ள முடியும். நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்ட புதிர்தான். ஆனால் பாடத்தின் நோக்கம் விடை சொல்ல வைப்பதல்ல. யார் எந்தக் கரையில் என்பதை நான்கு மாறிகளாக எழுதக் கற்றுத்தருகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டே மதிப்பு: இடக்கரை, வலக்கரை. அப்படி எழுதிவிட்டால் படகும் தண்ணீரும் தேவையில்லை, மொத்தமே 16 நிலைகள்தான். ஆட்டை ஓநாயோடோ புல்லோடோ விட்டுவிட்டு விவசாயி எதிர்க்கரையில் நிற்கும் நிலைகள் 6. அவற்றைத் தொடாமல் தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போக வேண்டும். ஏழே பயணத்தில் வேலை முடிகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கும் இந்தப் பயிற்சிதான் கணினி அறிவியல். பைத்தானோ சி++-ஓ அதற்குப் பிறகு வருவது.

வகுப்பறையில் இந்தப் பாடங்களுக்கு என்ன கதி? 'இதில் புரோகிராம் இல்லையே' என்று வேகமாகத் தாண்டிவிடும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களைக் குறைசொல்லியும் பயனில்லை. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்ற கணக்கில், ஒரு மதிப்பெண் வினாக்களை உருப்போட்டாலே பாதிக் கிணறு தாண்டலாம். போதாக்குறைக்கு, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் அதில் சேராது. கணினிப் பொறியியல் படிக்கப் போகிறவருக்கும் இதே கணக்குதான்! அப்புறம் வீட்டில் யார் இந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பார்கள்?

பிளஸ் டூ புத்தகத்தையும் முழுக்கப் புகழ முடியவில்லை. பைத்தானை இப்போதுதான் தொட்ட பிள்ளைகளுக்கு, பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்குவதற்கென்று ஒரு முழுப் பாடம் எதற்கு? அந்த நேரத்தில் பட்டியல்களையும் அகராதிகளையும் வைத்து இன்னும் நாலு கணக்குப் போட்டிருக்கலாம்.

செய்முறைத் தேர்வு இதைவிட மோசம். புத்தகத்தின் கடைசியில் உள்ள பயிற்சிகளை ரெக்கார்டு நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, தேர்வன்று தட்டச்சு செய்தால் போதும். ஒரு இடைவெளி பிசகி 'இன்டென்டேஷன் எரர்' வந்தால், அதைப் படித்துப் பார்க்காமல் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி அடிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு லேப் வகுப்பில் மட்டும், புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கைக் கொடுங்கள். எரர் வந்தால் நீங்கள் திருத்தித்தராதீர்கள். அது எந்த வரியைக் காட்டுகிறது என்று மாணவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)