வட்டுச் சேமிப்பு அணி

வட்டுச் சேமிப்பு அணி என்பது பல வட்டுகளை ஒரே கட்டுப்பாட்டின் கீழ் இணைத்து, அவற்றை ஒரு பெரிய சேமிப்பகமாக வழங்கிகளுக்கு அளிக்கும் கணினிக் கருவி ஆகும். வங்கிகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள் முதலியவற்றின் தரவு மையங்களில் இது பயன்படுத்தப்படுகிறது. இதில் வன்தட்டுகளோ திண்ம நிலை வட்டுகளோ இரண்டும் கலந்தோ இருக்கலாம்.

ஒரு வட்டு பழுதடைந்தாலும் தரவு அழியாமலும் பணி நிற்காமலும் இருக்க வேண்டும் என்பதே இவ்வணியின் முதன்மை நோக்கம் ஆகும். எனினும் இப்பாதுகாப்பு நிறுவிய நாளன்று ஒருமுறை கிடைத்து என்றும் நிலைத்திருப்பது அன்று. ஒரு வட்டு பழுதடைந்த நேரம் முதல், அதற்கு மாற்றான வட்டில் தரவு முழுவதும் மீளமைக்கப்படும் வரை, அணி குறைந்த பாதுகாப்புடனேயே இயங்குகிறது. அணியின் நிறுவுதல், மேலாண்மை ஆகியவற்றின் பெரும்பகுதி இந்த இடைவெளியைச் சுருக்குவதற்கான பணிகளே ஆகும்.

வரலாறு

முதல் வணிக வன்தட்டு 1956 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் 305 கணினியுடன் வந்தது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அக்கருவி 50 இலட்சம் எழுத்துகளைச் சேமித்தது. அதன் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பெருங்கணினிகள் விலை உயர்ந்த பெரிய வட்டுகளையே சார்ந்திருந்தன. பழுதடைந்த நினைவக அலகில் இருந்த தரவை மற்ற அலகுகளின் துணையுடன் மீட்கும் முறைக்கு ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் கென் ஔச்சி 1978 இல் காப்புரிமம் பெற்றார்.

1988 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. 7,500 மெகாபைட்டு கொள்ளளவும் 14 அங்குல விட்டமும் உடைய ஐபிஎம் 3380 வட்டுக்குப் பதிலாக, 100 மெகாபைட்டு கொள்ளளவுடைய 3.5 அங்குல வட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்களின் கருத்து. அதில் உள்ள இடரையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரத்திற்கு ஒருமுறை பழுதடையும் எனில், 100 வட்டுகள் கொண்ட தொகுதியில் 300 மணி நேரத்திற்கு ஒருமுறை, அதாவது இரண்டு வாரத்திற்குள், ஏதேனும் ஒரு வட்டு பழுதடையும். எனவே மிகையான தகவலைச் சேர்த்து எழுதி, இழந்ததை மீட்கும் முறைகளை அவர்கள் ஐந்து நிலைகளாக வகுத்தனர். அவர்கள் இட்ட பெயரின் முதலெழுத்துச் சுருக்கமே ரெய்டு ஆகும். 'மலிவான வட்டுகளின் மிகைமை அணி' என்பது அதன் முதற்பொருள். பின்னாளில் 'மலிவான' என்னும் சொல்லுக்குப் பதிலாகத் 'தனித்தியங்கும்' என்னும் சொல் வழக்கில் வந்தது.

1990 இல் ஈஎம்சி நிறுவனம் சிமெட்ரிக்ஸ் என்னும் அணியை வெளியிட்டது. சிறிய வட்டுகளையும் பெரிய இடைநிலை நினைவகத்தையும் கொண்ட அதன் கொள்ளளவு 24 ஜிகாபைட்டு ஆகும். ஈஎம்சி நிறுவனத்தை 2016 இல் டெல் நிறுவனம் வாங்கியது.

உறுப்புகள்

- வட்டுப் பெட்டி: வட்டுகள் செருகப்படும் உறை. இரண்டு அலகு உயரமுள்ள பெட்டியில் பொதுவாக 3.5 அங்குல வட்டுகள் 12 அல்லது 2.5 அங்குல வட்டுகள் 24 பொருந்தும்.
- கட்டுப்படுத்தி: வழங்கியிலிருந்து வரும் கோரிக்கைகளைப் பெற்று, எந்த வட்டில் எழுதுவது, எதிலிருந்து படிப்பது என முடிவு செய்யும் கணினி. நிறுவனப் பயன்பாட்டு அணிகளில் இது இரண்டாக அமைக்கப்படும். ஒன்று நின்றால் மற்றொன்று முழுப்பணியையும் ஏற்கும்.
- இடைநிலை நினைவகம்: கேச் எனப்படும் இது எழுத வேண்டிய தரவை முதலில் ஏற்று, பின்னர் வட்டுக்கு அனுப்புகிறது. மின்தடையின் போது இதிலுள்ள தரவு அழியாதிருக்க மின்கலம் அல்லது மீமின்தேக்கி இணைக்கப்பட்டிருக்கும்.
- இணைப்புத் துறைகள்: அணி வழங்கிகளுடன் ஃபைபர் சேனல், ஐஸ்கசி போன்ற நெறிமுறைகள் வழியாகத் தொடர்பு கொள்கிறது. ஐஸ்கசி என்பது வழக்கமான ஈதர்நெட் பிணையத்தின் வழியே வட்டுக் கட்டளைகளை அனுப்பும் முறை ஆகும். அதன் சீர்தரம் 2004 இல் வெளியானது.
- மின்வழங்கி, விசிறி: இவையும் இரட்டையாகவே அமையும்.

ரெய்டு நிலைகள்

ரெய்டு 0 இல் தரவு துண்டுகளாக்கப்பட்டுப் பல வட்டுகளில் பகிர்ந்து எழுதப்படுகிறது. இதில் வேகம் உண்டு, பாதுகாப்பு இல்லை. ஒரு வட்டு போனால் அனைத்தும் போகும். ரெய்டு 1 இல் ஒரே தரவு இரண்டு வட்டுகளில் எழுதப்படுகிறது. இவ்விரண்டையும் இணைத்தது ரெய்டு 10 ஆகும்.

ரெய்டு 5 இல் பாரிட்டி எனப்படும் சமநிலைத் தகவல் பயன்படுகிறது. எடுத்துக்காட்டாக, முதல் வட்டில் 1011 எனவும் இரண்டாம் வட்டில் 0110 எனவும் தரவு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இலக்கங்களும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என எழுதினால் 1101 கிடைக்கும். இது மூன்றாம் வட்டில் எழுதப்படும். இரண்டாம் வட்டு பழுதடைந்தால், 1011, 1101 ஆகியவற்றின் மீது அதே செயலைச் செய்து 0110 என்பதை மீண்டும் பெறலாம். ரெய்டு 6 இல் இத்தகைய மீட்புத் தகவல் இரண்டு வகையாகக் கணக்கிடப்படுவதால், இரண்டு வட்டுகள் ஒருங்கே பழுதடைந்தாலும் தரவு தப்பும்.

பாதுகாப்புக்கு விலை உண்டு. தலா 4 டெராபைட்டு கொண்ட 12 வட்டுகளை ஒரே தொகுதியாக்கினால், ரெய்டு 10 இல் 24 டெராபைட்டும், ரெய்டு 5 இல் 44 டெராபைட்டும், ரெய்டு 6 இல் 40 டெராபைட்டும் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். எழுதும் வேகமும் வேறுபடும். சிறிய தரவு ஒன்றை மாற்றி எழுத ரெய்டு 10 இல் 2 வட்டுச் செயல்களும், ரெய்டு 5 இல் 4 செயல்களும், ரெய்டு 6 இல் 6 செயல்களும் தேவைப்படும். ஆகவே அடிக்கடி எழுதப்படும் தரவுத்தளங்களுக்கு ரெய்டு 10 உம், பெரிய கோப்புச் சேமிப்புக்கு ரெய்டு 6 உம் பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

மீளமைப்புக் கால இடர்

வட்டுகளின் கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு அவற்றின் வேகம் வளரவில்லை. 20 டெராபைட்டு வன்தட்டு ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட்டு வேகத்தில் இடைவிடாது எழுதினாலும் 1,00,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். வழங்கிகளின் வழக்கமான பணியும் உடன் நடப்பதால் உண்மையில் இது மேலும் நீளும்.

இக்காலத்தில் ரெய்டு 5 தொகுதியில் எஞ்சிய வட்டுகள் அனைத்தும் முழுமையாகப் படிக்கப்பட வேண்டும். அவற்றில் ஒன்று பழுதடைந்தால் தொகுதி அழியும். ஒரு பகுதி மட்டும் படிக்க முடியாமற் போனாலும் அப்பகுதியின் தரவை மீட்க இயலாது. ஒரே நாளில் வாங்கிய, ஒரே தொகுப்பில் உற்பத்தியான வட்டுகள் ஒரே சூட்டிலும் ஒரே அதிர்விலும் இயங்குவதால், இரண்டாம் பழுது வெறும் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. 2007 இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியான்கா சுரோடரும் மேற்குறிப்பிட்ட கார்த் கிப்சனும் ஏறத்தாழ 1,00,000 வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். உற்பத்தியாளர் தரும் ஆயுட்காலக் கணக்கின்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டிற்கு மேல் பழுதடையக் கூடாத வட்டுகள், நடைமுறையில் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடும் சில இடங்களில் 13 விழுக்காடு வரையும் மாற்றப்பட்டதை அவர்கள் கண்டனர். இக்காரணங்களால் பெரிய வன்தட்டுகளுக்கு ரெய்டு 6 அல்லது அதனையொத்த முறையே பரிந்துரைக்கப்படுகிறது.

நிறுவுதல்

1. திட்டமிடல்: தேவைப்படும் கொள்ளளவு, ஒரு நொடியில் நிகழும் படித்தல் எழுதுதல் செயல்களின் எண்ணிக்கை, அடுத்த சில ஆண்டுகளின் வளர்ச்சி ஆகியவை முதலில் கணக்கிடப்படும். வட்டின் மேல் குறிக்கப்படும் டெராபைட்டு பதின்ம அடிப்படையில் அமைந்தது. இரும அடிப்படையில் கணக்கிடும் இயங்குதளம் 4 டெராபைட்டு வட்டை 3.64 எனக் காட்டும்.
2. இடம்: அணி 19 அங்குல அகலமுள்ள சட்டகத்தில் பொருத்தப்படும். நிறைந்த வட்டுப் பெட்டிகள் மிகுந்த எடையுள்ளவை ஆகையால், சட்டகம் கவிழாதிருக்கக் கீழிருந்து மேலாக அடுக்கப்படும். தரை அந்த எடையைத் தாங்குமா என்பதும் பார்க்கப்படும்.
3. மின்சாரம்: இரண்டு மின்வழங்கிகளும் வெவ்வேறு மின்பாதைகளில் இணைக்கப்பட வேண்டும். இரண்டையும் ஒரே பாதையில் செருகினால் இரட்டை அமைப்பின் பயன் இல்லாது போகும்.
4. வடங்கள்: ஒவ்வொரு வட்டுப் பெட்டியும் இரண்டு கட்டுப்படுத்திகளுடனும் இணைக்கப்படும். ஒவ்வொரு வழங்கியும் இரண்டு தனித்தனிச் சுவிட்சுகள் வழியாக அணியை அடையும். ஒரே வட்டு இரண்டு பாதைகளில் தெரிவதை ஒன்றெனக் கொள்ளும் பல்பாதை மென்பொருள் வழங்கியில் நிறுவப்படும்.
5. தொகுதிகள்: வட்டுகள் ரெய்டு தொகுதிகளாக்கப்படும். பழுது நேர்ந்தவுடன் மனிதத் தலையீடின்றிப் பணியேற்கத் தயார்நிலை மாற்று வட்டுகள் ஒதுக்கப்படும்.
6. அணுக்கம்: தொகுதிகளிலிருந்து தருக்க அலகுகள் உருவாக்கப்பட்டு, உரிய வழங்கிக்கு மட்டும் தெரியுமாறு வரையறுக்கப்படும். ஒன்றையொன்று அறியாத இரண்டு வழங்கிகள் ஒரே அலகில் எழுதினால் கோப்பு முறைமை சிதைந்துவிடும்.
7. சோதனை: அணி பணிக்கு வருமுன் ஒரு வட்டு, ஒரு வடம், ஒரு மின்வழங்கி, ஒரு கட்டுப்படுத்தி ஆகியவை ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, சேவை தொடர்கிறதா எனவும் எச்சரிக்கை உரியவருக்குச் சேர்கிறதா எனவும் பார்க்கப்படும்.

மேலாண்மை

கண்காணிப்பு முதன்மையான பணி ஆகும். அணி ஒரு பழுதைத் தாங்கிக்கொள்வதால் பயனர்கள் அதை உணர்வதில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் எவரும் படிக்காத முகவரிக்குச் சென்றால், அடுத்த பழுதின் போதுதான் முதல் பழுது தெரியவரும். தயார்நிலை வட்டு பணியேற்ற பின்னும் பழுதான வட்டை மாற்றி வைக்க வேண்டும். வட்டைக் கழற்றும் முன் அதன் இருப்பிட விளக்கை ஒளிரச் செய்து உறுதிப்படுத்திக்கொள்வது வழக்கம். தவறான வட்டைக் கழற்றினால் தொகுதியே இழக்கப்படலாம்.

பல நாட்கள் படிக்கப்படாத பகுதிகளில் உள்ள பிழைகள் மறைந்தே இருக்கும். அவற்றைக் கண்டறிய எல்லா வட்டுகளையும் குறித்த இடைவெளியில் முழுமையாகப் படித்துச் சரிபார்க்கும் வசதி அணிகளில் உண்டு. மீளமைப்பின் நடுவே வெளிப்பட்டுக் கேடு விளைவிக்கக்கூடிய பிழைகள் இதனால் முன்னரே திருத்தப்படுகின்றன. இடைநிலை நினைவகத்தின் மின்கலமும் காலப்போக்கில் வலுவிழக்கும். அந்நிலையில் பல அணிகள் தரவை நேரடியாக வட்டில் எழுதும் முறைக்குத் தாமே மாறுவதால் வேகம் குறையும்.

வட்டுகளின் நிலைபொருளும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் திண்ம நிலை வட்டுகளில் சில வகைகள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி இயங்கியதும் செயலிழக்கும் என அறிவித்துத் திருத்திய நிலைபொருளை வெளியிட்டது. 32,768 என்பது 2 இன் 15 ஆம் அடுக்கு ஆகும். ஒரே நாளில் இயக்கப்பட்ட வட்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் செயலிழக்கும் என்பதால், இத்தகைய பழுதிலிருந்து எந்த ரெய்டு நிலையும் காக்க இயலாது.

உண்மையில் உள்ள இடத்தை விட மிகுதியாக வழங்கிகளுக்கு ஒதுக்கிக் காட்டும் மெலிந்த ஒதுக்கீட்டு முறை இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஆயின் உண்மை இடம் தீர்ந்தால் அதைப் பகிரும் வழங்கிகள் பலவும் ஒருங்கே எழுத முடியாமல் நிற்கும். எனவே இதற்கும் எச்சரிக்கை வரம்பு தேவை.

காப்பு நகலும் பிரதியாக்கமும்

ரெய்டு காப்பு நகலுக்கு மாற்று அன்று. அது வட்டின் பழுதிலிருந்து காக்கிறது. தவறான அழிப்பு, மென்பொருள் பிழை, தீங்குநிரல், தீ விபத்து ஆகியவற்றிலிருந்து அது காப்பதில்லை. அழிக்கும் கட்டளை வந்தால் அணி எல்லா வட்டுகளிலும் அதை முறையாக நிறைவேற்றும்.

ஸ்னாப்ஷாட் எனப்படும் கணநேரப் படிமம் முந்தைய நிலைக்குத் திரும்ப உதவுகிறது. ஆனால் அது பொதுவாக அதே அணியிலேயே இருக்கிறது. தொலைவிலுள்ள மற்றோர் அணிக்கு உடனுக்குடன் பிரதியெடுப்பது ஓரிடத்தின் அழிவிலிருந்து காக்கும். ஒளியிழையில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோநொடி ஆவதால், 100 கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று திரும்ப 1 மில்லிநொடி ஆகும். ஒவ்வோர் எழுதுதலும் இந்நேரம் காத்திருக்க வேண்டியிருப்பதால், மிகுந்த தொலைவுக்குச் சற்றுப் பிந்திய பிரதியாக்கமே பயன்படுகிறது. பிரதியாக்கம் தவறான அழிப்பையும் உடன் கொண்டு செல்லும் என்பதால் தனியான காப்பு நகலின் தேவை நீங்குவதில்லை.

2010 ஆகத்து 25 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில அரசின் தரவு மையத்தில் ஒரு சேமிப்பு அணியின் நினைவக அட்டையில் ஏற்பட்ட பழுது 26 அரசு அமைப்புகளின் பணிகளைப் பாதித்தது. ஓட்டுநர் உரிமம் வழங்கும் பணி ஏறத்தாழ ஒரு வாரம் தடைப்பட்டது. 2021 டிசம்பரில் சப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக மீத்திறன் கணினியில் காப்பு நகல் நிரலில் நேர்ந்த பிழையால் 77 டெராபைட்டு அளவுள்ள, ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் கோப்புகளை மீட்க முடியவில்லை.

தரவின் மூன்று படிகளை, இரண்டு வகை ஊடகங்களில், ஒன்றையேனும் வேறிடத்தில் வைத்தல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி ஆகும். காப்பு நகலிலிருந்து கோப்புகளை உண்மையிலேயே மீட்டுப் பார்த்தல் இவ்விதியின் பயனை உறுதிசெய்யும்.

பணியிலிருந்து நீக்குதல்

பழைய அணியை அகற்றும் முன் அதன் தரவு புதிய அணிக்கு மாற்றப்பட்டுச் சரிபார்க்கப்படும். பழுதடைந்ததெனக் கழற்றிய வட்டிலும் படிக்கத்தக்க தரவு எஞ்சியிருக்கலாம். ஆகையால் வட்டுகள் முழுமையாக மேலெழுதப்படும், அல்லது பொடியாக்கப்படும். தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் திறவுகோலை அழிப்பதே போதுமானது.

இவற்றையும் பார்க்க

- வன்தட்டு
- திண்ம நிலை வட்டு
- தரவு மையம்
- காப்பு நகல்