ஆறு தானாகச் சுத்தமாகிவிடுமா?

ஓடுகிற தண்ணீர் தானாகத் தெளிந்துவிடும் என்று கிராமங்களில் சொல்வதுண்டு. ஆலைக் கழிவோ ஊர்ச் சாக்கடையோ ஆற்றில் கலந்தாலும், நாலு மைல் தள்ளி இறைத்தால் பயமில்லை என்று நம்பி மோட்டார் வைப்பவர்கள் உண்டு. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை, பாதி ஆபத்து. எந்தக் கழிவுக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓஹையோ ஆற்றில் நடந்த ஆய்வு

அமெரிக்காவின் ஓஹையோ ஆறு பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கி, சுமார் 1,580 கிலோமீட்டர் ஓடி மிஸிஸிப்பி ஆற்றில் கலக்கிறது. கரையோர நகரங்களின் சாக்கடை இதில்தான் விழுந்தது. அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் சார்பில் ஸ்ட்ரீட்டர் என்ற பொறியாளரும் பெல்ப்ஸ் என்ற விஞ்ஞானியும் இந்த ஆற்றை ஆராய்ந்து, 1925-ல் முடிவை வெளியிட்டனர்.

அவர்கள் கண்டதைக் கிணற்றோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஊற்றைவிட இறைப்பு அதிகமானால் கிணற்றில் மட்டம் இறங்கும். இறைப்பு குறைந்தால் ஊறி மேலே வரும். ஆற்று நீரில் கரைந்துள்ள பிராணவாயுவும் இப்படித்தான். சாக்கடை, சர்க்கரை ஆலைக் கழிவு, ஜவ்வரிசி ஆலைக் கழிவு போன்ற மக்கும் கழிவுகளை நுண்ணுயிர்கள் தின்னும்போது பிராணவாயு செலவாகிறது. காற்றிலிருந்து புதிய பிராணவாயு நீரில் கரைந்து வரவாகிறது. செலவு மிஞ்சும்வரை அளவு இறங்கும். கழிவு தீரத் தீர மீண்டும் ஏறும். இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் கணக்கிட அவர்கள் ஒரு சமன்பாடு தந்தனர்.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிராணவாயு மிகக் குறையும் இடம் கழிவு விழும் குழாய் வாய் அல்ல. அதற்குக் கீழே சற்றுத் தொலைவில் உள்ளது. ஆகவே மீன் செத்து மிதப்பது ஆலைக்குப் பக்கத்தில் இல்லாமல், கீழே உள்ள வேறொரு கிராமத்தில் இருக்கலாம். கோடையில் ஆற்றில் நீர் குறைவு. வெப்ப நீரில் பிராணவாயுவும் குறைவாகவே கரையும். 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் வாயு, 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். மீன் வளர லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது தேவை. ஆகவே கோடையில் வரும் கழிவு அதிகக் கேடு செய்யும்.

மேற்கோளும் மதிப்பும்

ஒருவர் கண்டறிந்ததை அடிப்படையாகக் கொண்டு இன்னொருவர் ஆராயும்போது, முன்னவரின் கட்டுரையை மேற்கோள் காட்டுவது விஞ்ஞானிகளின் வழக்கம். எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணி ஆய்வின் செல்வாக்கை அளப்பதும் உண்டு. 1925-ம் ஆண்டின் இந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பொறியியல் மாணவர்கள் அதைப் பாடமாகவே படிக்கின்றனர். ஆற்று நீரின் தரத்தைக் கணினியில் கணக்கிடும் பல முறைகளுக்கு அதுவே அடித்தளம். ஆனால் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதாலேயே ஓர் ஆய்வு எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது. இது மக்கும் கழிவுக்கான கணக்கு. உப்புக்கு இது செல்லாது.

உப்பு மக்குவதில்லை

சாயப் பட்டறைக் கழிவிலும் தோல் பதனிடும் கழிவிலும் உப்பு மிகுதி. அதை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. ஆறு எவ்வளவு தூரம் ஓடினாலும், நல்ல நீர் கலந்து நீர்த்துப் போகுமே தவிர, உப்பு அழியாது. நொய்யலில் நடந்தது இதுதான். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கி, நீர் பயிருக்கு உதவாமற் போயிற்று. விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். கழிவு வெளியேற்றத்தை நிறுத்தாத சாயப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

விவசாயிகள் செய்ய வேண்டியது

கழிவு கலக்கும் ஆற்றிலிருந்தோ அருகிலுள்ள கிணற்றிலிருந்தோ பாய்ச்சுவோர் நீரைப் பரிசோதிக்க வேண்டும். கிணற்று மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, நிறையப் பிடித்து மூட வேண்டும். பெயர், ஊர், சர்வே எண், பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதிக்காமல் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும்.

முடிவில் மின் கடத்தும் திறனைப் பாருங்கள். 0.7 டெசிசைமனுக்குக் குறைவானால் எந்தப் பயிருக்கும் பாய்ச்சலாம். 3-க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. பருத்தி உப்பைத் தாங்கும். அவரை இனம் தாங்காது.

மீன் சாவு, துர்நாற்றம், நீரின் நிற மாற்றம் கண்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு, தேதியும் இடமும் குறித்து எழுத்து மூலம் தெரிவிக்கவும். குழாய் வாயில் மட்டுமன்றி, ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் மாதிரி எடுக்கும்படி கேட்கவும். ஆற்றின் குறை அங்கேதான் வெளிப்படும்.