குளிர்விப்பது விஸ்கி அல்ல

புதினா, எலுமிச்சை, ஐஸ். வீட்டிலேயே கலக்கக்கூடிய ஒரு பானம், மதுவோடும் மது இல்லாமலும்.

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் இரண்டு உலகங்களாக இருந்தது. தரைக்கு மேலே வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். தரைக்கு அடியில், 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சுரங்கம். அதிகாரிகளின் மாலைப் பொழுதுக்கு விஸ்கி. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளிகளுக்குச் சாராயம். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சாராயத்துக்குக் கர்நாடக அரசு 2007 ஜூலையில் தடை விதித்தது. இன்று விஸ்கி எல்லோருக்கும் பொது. ஐஸும் அப்படித்தான்.

ஆனால் அந்த விஸ்கியைக் குடிக்கும் முறை மட்டும் பலரிடம் மாறவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கு, தொடர்ந்து ஊறுகாய். இதற்கு நேர் எதிரானது புதினா சேர்த்த விஸ்கி. நிதானமாக உறிஞ்ச வேண்டிய பானம் அது.

அமெரிக்காவில் இதற்கு ‘ஜூலெப்’ என்று பெயர். கென்டக்கி மாநிலத்தின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயத்தில் ஆண்டுதோறும் மே மாதம் ஆறாக ஓடுவது இதுதான். ஆனால் சொல் அமெரிக்காவுடையது அல்ல. பன்னீரைக் குறிக்கும் ‘குலாப்’ என்ற பாரசீகச் சொல்தான் அரபு வழியாக ஐரோப்பா போய் ஜூலெப் ஆனது. அதாவது, ஆரம்பத்தில் அது மருந்து கலந்து குடிக்கும் இனிப்புச் சர்பத். மது பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி. ஜூலெப்பின் தம்பி ‘ஸ்மாஷ்’. ஜெர்ரி தாமஸ் 1862-ல் வெளியிட்ட மதுக்கலவைப் புத்தகத்திலேயே அதற்கு இடம் உண்டு. இப்போது எலுமிச்சையும் சேர்த்துச் செய்கிறார்கள். நம் நாக்குக்கு ஏற்றது இதுவே.

இரண்டுக்கும் உயிர் ஐஸ். ஒரு காலத்தில் இந்தியாவில் அது தங்கத்துக்கு நிகரான பண்டம். 1833-ல் பாஸ்டனிலிருந்து கப்பலேறிய ஐஸ் கல்கத்தாவில் இறங்கியது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் எழுந்த ஐஸ் ஹவுஸ், அப்படி வந்த ஐஸைச் சேமித்துவைக்கத்தான். இன்று ஃபிரிட்ஜைத் திறந்தால் போதும்.

ஒரு கிளாஸுக்குத் தேவையானவை: புதினா இலை 8 அல்லது 10, அரை எலுமிச்சம்பழம், சர்க்கரைப் பாகு 2 டீஸ்பூன், விஸ்கி 60 மி.லி., தாராளமாக ஐஸ். பாகு என்றால் கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். சம அளவு சர்க்கரையும் வெந்நீரும் கலந்து ஆறவைத்தால் சரி. பிரியாணிக்கு வாங்கிய கட்டில் மிஞ்சிய புதினாவே போதும். அமெரிக்கர்கள் போடும் ‘ஸ்பியர்மின்ட்’டும் நம் புதினாவும் ஒரே இனம்.

கெட்டியான பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாகு, எலுமிச்சை, புதினாவைப் போட்டு மத்தின் காம்பால் நாலைந்து முறை மெல்ல அழுத்த வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். துவையலுக்குப் போல அரைத்துவிட்டால் மணம் போய்க் கசப்புதான் மிஞ்சும். பிறகு விஸ்கி, ஐந்தாறு ஐஸ்கட்டி. மூடியை இறுக்கி 15 விநாடி குலுக்க வேண்டும். அப்போது உருகும் நீரும் பானத்தின் ஒரு பகுதியே. துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் உடைத்த ஐஸைக் கிளாஸில் நிரப்பி, அதன் மேல் வடிகட்டலாம். கடைசியாக ஒரு புதினாக் கொத்தை உள்ளங்கையில் வைத்துத் தட்டி மேலே செருகினால், முதல் வாய்க்கு முன்பே மூக்குக்கு மணம் எட்டும். இந்திய விஸ்கிகள் பலவற்றில் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராவியே அடிப்படை. இனிப்பு தூக்கலான ரகம் என்றால் பாகை ஒரு டீஸ்பூனாகக் குறைக்கலாம். புகை வாசம் அடிக்கும் ரகம் புதினாவோடு சண்டை போடும்.

ஓர் எச்சரிக்கை. குளிர்ச்சியும் இனிப்பும் புளிப்பும் சேர்ந்து மதுவின் காரத்தை மறைத்துவிடும். குடிப்பவருக்கு அது சர்பத் போலத் தோன்றும். ஆனால் 42.8 சதவீத விஸ்கி 60 மி.லி.யில் சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எனவே கண்மதிப்பில் ஊற்றக் கூடாது. அளவுக் கோடு போட்ட மருந்து மூடியால் அளப்பதே நல்லது. தாகத்துக்கு முதலில் தண்ணீர். மது உடலிலிருந்து நீரை வெளியேற்றுமே தவிர, தாகம் தீர்க்காது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருப்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இதைச் சாம்பியன் ரீப்ஸுக்கு யாரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்ட சித்தார்த்த புத்தகசாலை இருந்த ஊர் இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்க வயல் தொழிலாளர்களிடையே தமிழ் பௌத்தம் வேரூன்றியது. அதன் பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மதுவை விலக்குவது. கிளப்பும் சாராயமும் இருந்த அதே ஊரில், குடிக்க மறுப்பதும் சுயமரியாதையாக இருந்திருக்கிறது.

ஆகவே விருந்தில் மது வேண்டாம் என்பவருக்குக் கூல் டிரிங்க் பாட்டிலை நீட்டி ஒதுக்க வேண்டியதில்லை. அதே புதினா, அதே எலுமிச்சை, அதே உடைத்த ஐஸ். விஸ்கிக்குப் பதில் சோடாவும் சில துளி இஞ்சிச் சாறும் போதும். சோடாவைக் குலுக்காமல், வடிகட்டிய பிறகு கடைசியில் ஊற்ற வேண்டும். குளிர்ச்சியில் எள்ளளவும் குறையாது. ஜூலெப் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.