மரியோ வீடியோவின் ரகசியம்

சிறு வயதில் டிவியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு நாள் பெரியப்பா வீட்டு அண்ணன் ஒரு சிடியைப் போட்டுக் காட்டினார். சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 கேமை ஒருவர் சுமார் 11 நிமிடங்களில் முடிக்கிறார்! "நமக்கெல்லாம் இது வராது" என்று அன்றே என் கேமைப் பரணில் போட்டுவிட்டேன்.

இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் உண்மை தெரிந்தது. மோரிமோட்டோ என்ற பெயரில் ஒருவர் 2003ல் வெளியிட்ட அந்த வீடியோ, ஒரே மூச்சில் ஆடியது அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கியது.

எப்படி? பழைய கேம் இயந்திரத்தைப் போலவே கம்ப்யூட்டரை நடக்க வைக்கும் புரோகிராம் எமுலேட்டர். இதில் கேமை மிக மெதுவாக ஓட்டலாம். எந்த இடத்திலும் நிலையைச் சேமிக்கலாம். தவறினால் அங்கேயே திரும்பி, மீண்டும் ஆடலாம். தவறிய முயற்சிகள் அழிந்துவிடும். சரியானவை மட்டுமே கோர்க்கப்படும்.

இதில் பதிவாவது படம் அல்ல, பட்டன் அழுத்தங்கள் மட்டுமே. அந்தக் கண்ட்ரோலரில் 8 பட்டன்கள். அதாவது 8 பிட், ஒரு பைட். விநாடிக்குச் சுமார் 60 பிரேம்கள். எனவே 11 நிமிடத்திற்கு 39,600 பைட்கள் போதும். அதே கேமில் அதே அழுத்தங்களைத் தந்தால், அதே ஆட்டம் அப்படியே மீண்டும் நடக்கும்.

வேகம் மட்டும்தான் இதில் இருக்கிறதா? இல்லை. சில கட்டங்களில் திரை தானாகவே நகரும். அங்கே அவசரப்பட்டுப் பயனில்லை. மோரிமோட்டோ அந்த நேரத்தில் மரியோவைப் பாய்ந்து வரும் குண்டுகளின் மேல் தாவித் தாவி நடனமாட வைக்கிறார். எனக்குக் கலையாகத் தெரிவது அந்த இடம்தான்.

நீங்களும் முயலலாம். எப்சிஇயுஎக்ஸ் என்ற எமுலேட்டர் இலவசம். அதன் பைல் மெனுவில் மூவி பதிவு, ஏவிஐ பதிவு இரண்டும் உள்ளன. கேம்களுக்குக் காப்புரிமை உண்டு என்பதால், ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் கேம்களில் பழகுங்கள்.

வீடியோவைப் பிறருக்குத் தரும்போது, அது எமுலேட்டர் உதவியுடன் செய்தது என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி அன்று இருந்திருந்தால், என் கேம் பரணுக்குப் போயிருக்காது.