மயிற்கொன்றை

திருவில்லிபுத்தூரை அடுத்துக் கொல்லம் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கிருஷ்ணன்கோவில். அதற்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் தடுத்துவிடுகின்றது. ஆதலின் இப்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பி வாழ்கின்றது. கோடையில் குடிநீருக்கே முடை நேரும்பொழுது, பூஞ்செடிக்கு நீர் வார்ப்பது எங்ஙனம்? பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து மாலை தொடுத்த இந்நாட்டில் பூவின்றி வாழ்தல்தான் இயலுமோ? இவ்விரு வினாக்களுக்கும் விடையாக நிற்பது மயிற்கொன்றை.

இஃது அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்த செடி. பார்படோசுத் தீவின் தேசிய மலர். அரிசோனா முதலிய வறண்ட இடங்களில் இதனைச் ‘சொர்க்கப் பறவை’ என்பர். பறவைத் தலை போன்ற பூவுடைய தென்னாப்பிரிக்கச் செடி ஒன்றும் அப்பெயர் பெறும். அது வேறு, இது வேறு. சிவப்பும் மஞ்சளும் கலந்த இதழ்களினின்று நீண்டு வெளிப்படும் செந்நிற மகரந்தத் தாள்கள் மயிலின் கொண்டையை நினைவூட்டும். தேன் உண்ண வரும் வண்ணத்துப்பூச்சிகள் தம் சிறகுகளில் மகரந்தத்தை ஏந்திச் செல்லும்.

வறட்சியை இச்செடி தாங்குவது எவ்வாறு? இதன் இலை, சின்னஞ்சிறு சிற்றிலைகளாகப் பிரிந்தது. நீர் மிகக் குறைந்தால், இலைகளை உதிர்த்துச் செடி தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். மழை பெய்ததும் மீண்டும் துளிர்க்கும்.

மாணவர்களே! இதனை நீங்களும் வளர்க்கலாம். விதையின் தோல் கடினமானது. ஆகவே, அதன் ஒரு பக்கத்தைச் சற்றே உராய்ந்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஆடி மாதத்தில் தொட்டியில் விதையுங்கள். மழை தொடங்கும் காலத்தில், வெயில் நன்கு படும் இடத்தில் நாற்றை நடுங்கள். நீர் தேங்கும் இடம் ஆகாது, வேர் அழுகிவிடும்.

முதல் ஆண்டில் நீர் வார்க்கும் முறையே முதன்மையானது. நாள்தோறும் சிறிது நீர் தெளித்தால், வேர் மேல்மண்ணிலேயே படர்ந்து கோடையில் வாடும். மழையில்லாத நாள்களில் வாரம் ஒருமுறை ஆழ நனைத்தால், வேர் ஈரத்தை நாடிக் கீழிறங்கும். அங்ஙனம் வேரூன்றிய செடிக்குப் பின்னர் மிகுந்த நீர் வேண்டுவதில்லை. பூத்து ஓய்ந்தபின் கிளைகளைக் கத்தரித்தால் புதுக்கிளைகள் தோன்றிப் பூக்கும். விதைகள் நச்சுத்தன்மை உடையன, அவற்றை வாயிலிடலாகாது.

மண்ணையும் மழையையும் அறிந்து செடியைத் தேர்வோர்க்குத் தோட்டமும் தழைக்கும். கிணற்று நீரும் மிஞ்சும்.